மல்டிஹாப்: தாவலா, அந்தாதியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்றுக்கு மேற்பட்ட பத்திகளைச் சேர்த்துப் படித்தால்தான் விடை கிடைக்கும் வினாவை ஆங்கிலத்தில் மல்டிஹாப் வினா என்கிறார்கள்; ஹாப் என்றால் தாவல். அதற்குப் ‘பலதாவல் வினா’ என்று போன வாரம் இந்தக் குழுவில் ஒரு பரிந்துரை வந்தது. நானும் சரி என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை வகுப்பில் அதைச் சொன்னதும் ஒரு மாணவி, “பிரவுசர்ல நிறைய தாவல் திறந்து வச்சுத் தேடுறதா சார்?” என்று கேட்டார். அவர் மேல் தவறில்லை. டேபுக்குத் தாவல் என்று பெயர் வைத்ததே நம்மைப் போன்றவர்கள்தான். சரி, ‘பலபடி’ என்று மாற்றலாமா என்றால், அதைப் பள்ளி வேதியியல் பாடம் பாலிமருக்கு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

சொல்லை விட்டுப் பொருளைப் பார்ப்போம். “கோட்டூர்புரத்துப் பெரிய நூலகம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் பிறந்த ஊர் எது?” நூலகத்தைப் பற்றிய பத்தி அண்ணாவில் கொண்டுபோய் விடும். அண்ணாவைப் பற்றிய இன்னொரு பத்தியில்தான் காஞ்சிபுரம் கிடைக்கும். முதல் தேடலின் முடிவு அடுத்த தேடலின் தொடக்கம். இப்படித் தொடுப்பதற்கு ஆழ்வார்கள் காலத்திலிருந்தே நம்மிடம் பெயர் உண்டு. ஆகவே ‘அந்தாதி வினா’ என்கிறேன். நடுவில் நிற்கும் அண்ணா, ‘இடைவிடை’.

“ஹாப் என்பதில் உள்ள நகர்வு அந்தாதியில் இல்லையே?” என்று நீங்கள் கேட்கலாம்.

இல்லைதான். எனக்கு அது பிடித்ததே அதனால்தான். வினாவுக்கு விடை சொல்லும் எந்திரங்களைப் பயிற்றவும் சோதிக்கவும் 2018-இல் ஹாட்பாட்கியூஏ என்ற தரவுத்தொகுப்பு வந்தது. விக்கிப்பீடியாக் கட்டுரைகளை வைத்து எழுதிய ஏறத்தாழ 1,13,000 வினாக்கள். எந்தெந்த வாக்கியங்கள் விடைக்கு ஆதாரம் என்ற குறிப்பும் உண்டு. இரண்டு கட்டுரைகளைச் சேர்த்துப் படித்தால்தான் விடை வரும் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டே சில ஆய்வாளர்கள், அவற்றில் பலவற்றுக்கு ஒரே பத்தியை மட்டும் படித்து விடை சொல்லிவிட முடிகிறது என்று காட்டினார்கள். நம் எடுத்துக்காட்டையே பாருங்கள். வினாவோடு பத்துப் பத்திகளைக் கொடுத்து, அவற்றில் ஒன்றில் மட்டும் பிறந்த ஊர் வந்தால், நூலகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எந்திரம் காஞ்சிபுரம் என்று சொல்லிவிடும். விடை சரி, தாவல் நடக்கவேயில்லை! ‘தாவல்’ என்ற சொல், எந்திரம் செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்கிறது. ‘அந்தாதி’ வினாவின் கட்டமைப்பை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

என் முன்மொழிவில் ஓர் ஓட்டை உண்டு, நானே சொல்லிவிடுகிறேன். “ராயபுரம், சென்ட்ரல் இரண்டில் எந்த ரயில் நிலையம் பழையது?” இதற்கும் இரண்டு பத்திகள் வேண்டும். ஒன்றில் 1856, மற்றதில் 1873. ஆனால் இங்கே ஒன்று மற்றொன்றில் போய் முடிவதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அந்தத் தரவுத்தொகுப்பே இவ்வகையைத் தனியாகத்தான் பிரிக்கிறது. நாம் ‘ஒப்பீட்டு வினா’ என்போம், அதில் சண்டைக்கு இடமில்லை.

அப்புறம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டுமே. ‘கூட்டு வினா’ என்று வைக்கலாமா? பல பத்திகளிலிருந்து சான்றைக் கூட்டி விடை காண்பது. ஹாட்பாட் உணவகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அந்த யோசனை பிறந்ததால்தான் தொகுப்புக்கே அப்படிப் பெயர் வைத்ததாக அதை உருவாக்கியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே சட்டியில் எல்லாம் வேகும் பண்டத்துக்கு நம் அடுக்களையில் பக்கத்து உறவு கூட்டுதானே. இதை வாதமாகச் சொல்லவில்லை, சிரிப்புக்குச் சொன்னேன்.

அந்தாதி வடசொல் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். உண்மைதான். அதே பொருளைத் தரும் தனித்தமிழ்ச் சொல் ஒன்றை, வகுப்பில் உடனே புரிகிற மாதிரி அவர் தந்தால் என்னுடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மாணவர்களின் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கூட்டு வினா, அதற்குள் அந்தாதி வினா, ஒப்பீட்டு வினா, இடைவிடை. இந்த நான்கில் எது உறுத்துகிறது என்று வியாழனுக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
அடையாறிலிருந்து