தேக்கடி, கவி மழைக்காட்டில் வழிகாட்டியுடன் நடை: முதியவரையும் சிறுமியையும் அழைத்துச் செல்ல ஆலோசனை தேவை

கேள்வி: கம்பத்துவாசி

அனைவருக்கும் வணக்கம். கம்பத்தில் வசிக்கும் எங்களுக்கு லோயர் கேம்ப் மலைச்சாலை ஏறிக் குமுளி சென்று வருவது புதிதன்று. உறவினர் வீட்டு விசேஷங்களுக்கும் ஏலக்காய் வியாபாரத்துக்கும் ஆண்டு முழுவதும் போய் வருகிறோம். ஆயினும் அங்குள்ள தேக்கடிக் காட்டுக்குள் முறையாக ஒரு வழிகாட்டியுடன் இதுவரை நடந்ததில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சிங்கவால் குரங்கையும் இருவாச்சிப் பறவையையும் நேரில் பார்த்தே தீர வேண்டும் என்கிறாள். எழுபதை நெருங்கும் என் தந்தையும் உடன் வர விரும்புகிறார். சமதரையில் நன்றாக நடப்பார், இறக்கத்தில்தான் முழங்கால் வலிக்கும். படகுச் சவாரியே போதுமா, அல்லது நடந்துதான் ஆக வேண்டுமா? எந்த மாதம் ஏற்றது? பேருந்து நிலையத்தருகே, காட்டுக்குள் அழைத்துப் போகிறோம் என்று சொல்லி வருபவர்களை நம்பலாமா? அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: குமுளிக்காரன்

வணக்கம் ஐயா. உங்கள் மகள் குறிப்பாக அந்த இரண்டையும் கேட்கிறாள் என்றால் படகை மட்டும் நம்பி வராதீர்கள். முல்லைப் பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டபோது தேங்கிய நீர்தான் தேக்கடி ஏரி. அன்று மூழ்கிய மரங்களின் அடிமரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன, அவற்றின் மீது நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகை விரித்துக் காய வைத்திருப்பதைப் படகிலிருந்து நன்றாகப் பார்க்கலாம். கரையோரப் புல்வெளிக்கு மிளா மானும் காட்டுமாடும் வரும். காட்டுக்குள் ஓடைகள் வற்றும் மார்ச், ஏப்ரலில் யானைகளும் குட்டிகளோடு தண்ணீருக்கு இறங்கும். ஆனால் சிங்கவால் குரங்கு மரத்தின் உச்சியிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது. அதைப் பார்க்க விரும்புகிறவர் அடர்காட்டுக்குள் நடந்துதான் ஆக வேண்டும்.

தேக்கடியிலிருந்து பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் நடத்தப்படும் நடைகள் வனத்துறையின் வழியாக, காட்டோர மக்களைக் கொண்ட சூழல் மேம்பாட்டுக் குழுக்களைச் சேர்ந்தவர்களால் நடத்தப்படுபவை. ஆகவே பேருந்து நிலையத்தில் உங்களை அணுகுபவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்; வனத்துறையின் முன்பதிவு மையத்துக்கே நேராகச் சென்றுவிடுங்கள். தனியார் அழைத்துச் செல்லும் ஏலத்தோட்டச் சுற்றுலா வேறு, காட்டு நடை வேறு. இரண்டையும் ஒன்றெனச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வழிகாட்டிகளில் பலர் மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்தவர்கள். இன்னொரு பிரிவினரைப் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கருவாவுக்கு உறவான வயணா மரத்தின் பட்டையை உரித்து விற்பதற்காக ஒரு காலத்தில் இந்தக் காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, வழக்குக்கும் கைதுக்கும் அஞ்சி இரவிலேயே நடமாடிப் பிழைத்தவர்கள், 1990களில் வனத்துறையோடு உடன்பாட்டுக்கு வந்து காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். காட்டில் தங்கிச் செல்லும் நெடுநடைகளை நடத்துபவர்கள் அவர்களே. எந்தப் பள்ளத்தில் யானை படுக்கும், எந்த மேட்டில் செந்நாய் கூட்டமாக ஓடும் என்பதெல்லாம் அன்று பிடிபடாமல் தப்பிப்பதற்காகக் கற்ற அறிவு. இன்று அதே அறிவு காட்டைக் காக்கிறது. எங்கள் ஊரில் நான் பெருமையோடு சொல்லக்கூடிய செய்தி இதுதான்.

அவர்களோடு நடக்கும்போது கண்ணைவிடக் காதுக்கே வேலை அதிகம். வழிகாட்டி திடீரென்று நின்று கையை உயர்த்தினால் பேச்சை நிறுத்திவிடுங்கள். பெரிய இருவாச்சி பறந்து வரும்போது, பறவை தென்படுவதற்கு முன்பே, துருத்தி ஊதுவது போன்ற சிறகோசை மரங்களுக்கு மேலே கேட்கும். கருமந்திக் குரங்கின் ‘ஹூ, ஹூ’ என்ற குரல் பள்ளத்தாக்கு முழுவதும் ஒலிக்கும். சிங்கவால் குரங்கோ பெரும்பாலும் அவ்வளவு ஆரவாரம் செய்யாது. கிளைகள் அசைவதும், பாதி கடித்த பழங்கள் சருகில் பொத்தென்று விழுவதும்தான் அடையாளம். இரண்டுமே கரியவை என்பதால் குழந்தைகள் குழம்புவார்கள்: கருமந்தியின் தலைமுடி பழுப்பாகவும் வால் மிக நீளமாகவும் இருக்கும், சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றி வெள்ளி நிறப் பிடரி, வால் நுனியில் சிறு குஞ்சம். மகளிடம் இதை முன்பே சொல்லி அழைத்து வாருங்கள்.

பதில்: வண்டிப்பெரியார் தோட்டம்

மேலே சொன்னதில் எனக்கு ஒன்றில் மட்டும் மாறுபாடு உண்டு. தேக்கடியைச் சுற்றியுள்ள குறுகிய நடைகளில் கருமந்தியும் மலை அணிலும் தாராளமாகக் கிடைக்கும், சிங்கவால் கிடைப்பது அரிது. அதுவே முதல் விருப்பம் என்றால் கவி என்னும் மலைக்காட்டு ஊருக்குச் செல்லுங்கள். வண்டிப்பெரியாரிலிருந்து வள்ளக்கடவு சோதனைச்சாவடி வழியாகப் போக வேண்டும். உள்ளே விடும் வாகனங்களுக்கு வரம்பு இருப்பதால், கேரள வன மேம்பாட்டுக் கழகத்தில் முன்பதிவு செய்யாமல் சாவடி வரை வந்து திரும்பிச் செல்லும் குடும்பங்களை நான் அடிக்கடி காண்கிறேன்.

கவியில் உங்கள் தந்தைக்கு மொழிச் சிக்கலே இராது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களை அந்தக் கழகத்தின் ஏலத்தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இன்று அங்கே வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் இருக்கிறார்கள். தேயிலைமலையை விட்டு வந்து, அறியாத ஒரு காட்டில் ஏலச்செடியோடு வாழ்க்கையைத் தொடங்கிய பெற்றோரைப் பற்றி அவர்கள் சொல்வதையும் பொறுமையாகக் கேளுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை நான் பிப்ரவரியைச் சொல்வேன். கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை சபரிமலைக்குச் செல்லும் வாகனங்களால் குமுளிச் சாலையே நிரம்பிவிடும். ஜூனுக்குப் பின் மழையும் அட்டையும் மிகுதி. பிப்ரவரியில் இருவாச்சிகள் கூடு கட்டும் பருவம் வேறு. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு கீற்றை விட்டுவைக்கும். வெளியிலிருந்து ஆண் பறவை அத்திப்பழங்களை ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து எடுத்து ஊட்டும். இதைக் காணக் கிடைத்தால் தொலைவிலேயே நின்றுகொள்ளுங்கள். ஆட்கள் கூடு மரத்தடியில் நின்றால் ஆண் பறவை கூட்டை நெருங்கத் தயங்கும்; உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும்.

கம்பத்துவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. அட்டைக்கு என்ன செய்வது, மகள் கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கலாமா என்று கேட்கிறாள், இந்த இரண்டையும் தெரிவித்தால் போதும்.

பதில்: குமுளிக்காரன்

குரலை ஒலிக்கவிட வேண்டாம் என்று மகளிடம் அன்போடு சொல்லுங்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று எண்ணி அது குஞ்சையும் இரையையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். அதற்குப் பதிலாக ஒரு நல்ல இருகண் நோக்கி எடுத்து வாருங்கள். உச்சிக்கிளையில் இருப்பதைப் பார்க்கக் கைப்பேசியைவிட அதுவே பயன்படும்.

அட்டைக்கு, முழங்கால் வரை கட்டும் துணிக் காலுறையை நடைக்கு முன் கொடுப்பார்கள். அதன் மேல் புகையிலைத் தூளையும் உப்பையும் பூசிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கடித்துவிட்டால் பிடுங்கி எறியாமல், நகத்தால் வாயருகே மெல்லத் தள்ளிவிடுங்கள். சிறிது நேரம் ரத்தம் வடியும், அஞ்ச வேண்டியதில்லை. ரத்தம் உறையாமலிருக்க உங்கள் தந்தை மருந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடர்நிறப் பருத்தி உடை போதும். சென்ட் போட வேண்டாம். முழங்கால் வலி இருப்பதை முன்பதிவின்போதே தெரிவித்தால், இறக்கம் குறைந்த தடத்தை வழிகாட்டி தேர்ந்தெடுப்பார். கையில் ஒரு ஊன்றுகோல் இருக்கட்டும். காலை முதல் அணி நடையையே கேட்டு வாங்குங்கள்; வெயில் ஏறிய பின் குரங்குகளும் பறவைகளும் இலைக்குள் ஒதுங்கிவிடும்.