தில்லிக் குளிர்: மடியில் தூங்கும் மூன்று மாதக் குழந்தை மெத்தையில் கிடத்தியதும் அழுகிறான், என்ன செய்யலாம்?

கரோல் பாக் அம்மா

வணக்கம். பிரசவத்துக்குத் தென்காசியில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு, மகனுக்கு மூன்று மாதம் முடிந்ததும் பொங்கல் கழித்துத் தில்லிக்குத் திரும்பியிருக்கிறோம். குடியிருப்பது பர்சாத்தியில், அதாவது மொட்டைமாடியில் கட்டிய வீட்டில். மூன்று பக்கமும் வெளிச்சுவர். இரவில் அறைக்குள் பேசினாலே வாயிலிருந்து புகை வருகிறது.

குழந்தை மடியில் அயர்ந்து தூங்குகிறான். மெத்தையில் கிடத்திய மறு நிமிடமே வீறிட்டு எழுந்துவிடுகிறான். பசி இல்லை, டயப்பர் நனைந்திருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை. எடையைப் பார்த்த மருத்துவர் நன்றாக இருக்கிறான் என்றார். இரவு முழுக்க நானும் கணவரும் மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நேற்று உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது.

தெரிந்தவர்கள் கொடுத்த மரத் தொட்டில் ஒன்று இருக்கிறது. அதற்குள் கடையில் வாங்கிய படுக்கை செட்: பஞ்சு மெத்தை, இரண்டு பக்கமும் வைக்க உருளைத் தலையணைகள், தலைக்குக் கடுகுத் தலையணை. மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் மெல்லிய பருத்தித் துணி. மாமியார் கனமான ரஜாய் (பஞ்சு அடைத்த போர்வை) போர்த்தச் சொல்கிறார். அம்மா தொலைபேசியில் தூளி கட்டச் சொல்கிறார். வீட்டுக்கார அம்மாள் தன்னுடைய அங்கீட்டியை (கரி அடுப்பை) அறைக்குள் வைக்கத் தருவதாகச் சொல்கிறார். கணவர், போர்வைக்குப் பதிலாகக் குழந்தைக்கு உடைபோல் மாட்டிவிடும் தூக்கப் பை வாங்கலாம் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

ஆர்.கே.புரம் பாட்டி

முதலில் அந்த அங்கீட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு அம்மா. நாற்பது வருடமாக இந்த ஊரில் குளிர்காலம் பார்க்கிறேன். அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வராத ஜனவரி கிடையாது. அந்த நச்சுக் காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அணைத்துவிட்டுத் தூங்கலாம் என்றும் நினைக்காதே, கனலும் கரியிலிருந்தும் அது வரும். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலி

பாட்டி சொன்னதற்குமேல் அதில் ஒரு சொல்லும் தேவையில்லை. கரோல் பாக் அம்மா, பதில் சொல்வதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். இன்றிரவு குழந்தையைக் கிடத்தும் நேரத்தில் உங்கள் கன்னத்தை அந்த விரிப்பின்மேல் வைத்துப் பாருங்கள், எப்படி இருக்கிறது? மெத்தையை உள்ளங்கையால் அழுத்திக் கையை எடுத்தால் குழி உடனே நிமிர்கிறதா? தொட்டில் எந்தச் சுவரோரம் இருக்கிறது? தென்காசியில் அவன் எதில் தூங்கினான் என்பதையும் சொல்லுங்கள்.

கரோல் பாக் அம்மா

சிஸ்டர், கன்னத்தை வைத்ததும் திடுக்கிட்டுப் போனேன். ஈரத் தரையில் வைத்ததுபோல் சில்லென்று இருந்தது. மேலே இருக்கும் துணி பெயருக்குத்தான், ரப்பர் ஷீட்டின் குளிர் அப்படியே ஏறுகிறது. மெத்தையில் குழி விழுகிறது, மெதுவாகத்தான் நிமிர்கிறது. தொட்டில் இருப்பது வடக்குச் சுவரோரம், ஜன்னலுக்குக் கீழே. ஊரில் அவன் தூங்கியது தூளியில்.

பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலி

அப்படியானால் காரணம் அனேகமாகப் புரிந்துவிட்டது. தூளியில் புடவை உடம்போடு ஒட்டி, அவனுடைய சூட்டையே அவனுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது உங்கள் மடியின் சூட்டிலிருந்து நேராகக் குளிர்ந்த ரப்பருக்குப் போகிறான். இந்த வயதில் கைகால்களை விரித்துத் திடுக்கிடும் அனிச்சை இன்னும் முழுமையாக மறையவில்லை. முதுகில் குளிர் பட்டதும் திடுக்கிடுகிறான், விழித்துக்கொள்கிறான். குழந்தையிடம் ஒரு குறையும் இல்லை.

தொட்டிலை இன்றைக்கே உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். உங்கள் கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ரப்பர் ஷீட்டை எடுத்துவிட்டு, மேல்பக்கம் ஃபிளீஸ் துணி ஒட்டிய ட்ரை ஷீட்டைப் போடுங்கள், குழந்தைத் துணிக் கடைகளில் கிடைக்கும். அது கிடைக்கும்வரை ரப்பர் ஷீட்டின்மேல் பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகிவிடுங்கள். துணி எங்கேயும் சுருண்டு எழக் கூடாது. கிடத்துவதற்கு முன் வெந்நீர்ப் பையை விரிப்பின்மேல் சிறிது நேரம் வைத்து, குழந்தை வருவதற்குள் எடுத்துவிடுங்கள். புறங்கையால் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. பையைக் குழந்தையோடு உள்ளே விட்டுவிடவே கூடாது.

கிடத்தும்போது முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியாகத் தலை. உங்கள் உள்ளங்கை அவன் மார்பில் சற்று நேரம் இருக்கட்டும். எப்போதும் மல்லாக்கத்தான். பிரிட்டனில் 1991இல் இதை வலியுறுத்திப் பெரிய பிரசாரம் நடந்த பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மருத்துவத்தில் இவ்வளவு எளிய காரியத்துக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைப்பது அபூர்வம்.

ரஜாய் வேண்டாம் என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். குளிரில் குழந்தை வாடக் கூடாது என்ற அவருடைய கவலை நூறு சதம் நியாயமானது. அந்தக் கவலையைத் துணியாக அவன் உடம்பில் அணிவித்துவிடலாம் என்று சொல்லுங்கள். மூன்று மாதக் குழந்தைக்கு முகத்தில் விழும் போர்வையைத் தள்ளத் தெரியாது, கனமான ரஜாய் என்றால் அசைக்கவே முடியாது. அதே காரணத்துக்காக உருளைத் தலையணைகளையும் கடுகுத் தலையணையையும் எடுத்துவிடுங்கள். தலை உருண்டையாக வருவதற்குத் தலையணை தேவையில்லை. பகலில் விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து குப்புறப் போட்டு விளையாட விடுங்கள், மல்லாக்கக் கிடக்கும்போது தலையை ஒரு நாள் வலமும் ஒரு நாள் இடமுமாகத் திருப்பி வையுங்கள், போதும். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: கெட்டியான சமதளப் படுக்கை, இழுத்துச் செருகிய ஒரே விரிப்பு, உள்ளே வேறெதுவும் இல்லை, முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே.

குழி விழும் மெத்தையையும் மாற்ற வேண்டும். தொட்டிலின் உள் அளவை எடுத்துக்கொண்டு போனால், மெத்தைக் கடையில் தேங்காய் நார் மெத்தையை அந்த அளவுக்கே வெட்டித் தைத்துத் தருவார்கள். மெத்தைக்கும் தொட்டில் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அளவு சிறியது என்று திருப்பிக் கொடுங்கள்.

நீங்கள் உட்கார்ந்தபடி கண் அசந்தது எனக்கும் கவலையாக இருக்கிறது. சோபாவிலோ நாற்காலியிலோ குழந்தையோடு தூங்கிவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கண் சொருகுகிறது என்றால் கணவரை எழுப்பிக் குழந்தையைக் கொடுத்துவிடுங்கள்.

துவாரகா அப்பா

தூக்கப் பை பற்றி நான் சொல்கிறேன். எங்கள் மகளுக்குப் போன குளிர்காலம் முழுக்க அதுதான். கடையில் கேட்டால், தலைப்பக்கம் குல்லாவும் உள்ளே சிறு தலையணையும் தைத்த, பொட்டலம்போல் ஜிப் போடும் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். அது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதற்கானது, இரவுத் தூக்கத்துக்கு உதவாது. உங்களுக்கு வேண்டியது கைப்பகுதியும் குல்லாவும் இல்லாத, மேலே பனியன்போலவும் கீழே பைபோலவும் இருப்பது. கழுத்து வளையத்தைப் பாருங்கள்: தலை அதற்குள் நழுவும் அளவுக்கு அகலமாக இருந்தால் வாங்காதீர்கள். வளரட்டும் என்று பெரிய அளவில் எடுப்பது சட்டைக்குச் சரி, இதற்குச் சரியில்லை. கால் பக்கம் தாராளமாக இருக்கட்டும், இடுப்பு மூட்டு நன்றாக வளரக் கால்களை மடக்கி அகட்ட இடம் வேண்டும்.

நல்ல பைகளில் டாக் என்று ஓர் எண் போட்டிருக்கும், எவ்வளவு கதகதப்பு என்பதற்கான அளவு அது. அறை 16 முதல் 20 டிகிரி என்றால் 2.5 டாக் பையும் உள்ளே பனியனும் முழுக்கை உடையும் சரியாக இருக்கும். எடை கூட்டிய பைகள் என்று இப்போது விற்கிறார்கள், அவற்றைத் தொடாதீர்கள். எண் போடாத பைதான் கிடைக்கிறது என்றால், கழுத்துக்குக் கீழே தொட்டுப் பார்த்து உள்ளுடையைக் கூட்டிக் குறைக்க வேண்டியதுதான்.

ஹீட்டரில், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகையை வாங்குங்கள். சிவக்கும் கம்பி கிடையாது, காற்றை ஊதாது, வேண்டிய சூட்டில் தானே நின்றுவிடும். 2000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 16 யூனிட். அது நின்று நின்று ஓடுவதால் பில் அவ்வளவுக்குப் போகாது. பழைய பர்சாத்தி வயரிங் என்பதால், 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். தொட்டிலிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். அறை வெப்பமானி ஒன்றைத் தொட்டில் பக்கத்தில் மாட்டிவிட்டால், வீட்டில் இருக்கும் நான்கு பேருக்கும் அதுதான் நடுவர். எங்கள் வீட்டில் வாக்குவாதம் நின்றதே அதன் பிறகுதான்.

இன்னொன்று. தொட்டில் மற்றவர்கள் கொடுத்தது என்கிறீர்கள். கம்பிகளின் இடைவெளி 6 செ.மீ.க்குள் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டுச் சட்டம் ஏறி இறங்கும் வகை என்றால் இன்னும் கவனம். சட்டம் கழன்று குழந்தைகள் சிக்கிக்கொண்டதால் அமெரிக்காவில் 2011 முதல் அந்த வகையின் விற்பனைக்கே தடை.

ஆர்.கே.புரம் பாட்டி

தூளியை யாரும் குறை சொல்லிவிட வேண்டாம் என்று எழுதுகிறேன். என் பிள்ளைகள், பேரன்கள் எல்லோரும் தூளியில் வளர்ந்தவர்கள். ஆனால் ஊரில் தூளி ஆடும்போது பக்கத்திலேயே ஒரு பாட்டியோ அத்தையோ உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே கயிற்றை இழுப்பாள். பிள்ளையின் தலை மடங்கித் தாடை நெஞ்சில் முட்டினால் உடனே நிமிர்த்திவிடுவாள். ராத்திரி எல்லோரும் தூங்கும் வீட்டில் அதைப் பார்க்க ஆள் இல்லை. பகலில் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது ஆட்டிக்கொள்ளட்டும். மின்விசிறிக் கொக்கியில் மட்டும் மாட்டாதே.

உனக்கு மொட்டைமாடி இருக்கிறது, அது பெரிய பாக்கியம். பனிமூட்டம் விலகியதும் மெத்தையையும் விரிப்பையும் மாடி வெயிலில் திருப்பித் திருப்பிப் போடு. குளியலும் நடுப்பகலில் வைத்துக்கொள். தேங்காய் எண்ணெய் இங்கே கல்லாக உறைந்திருக்கும், கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து இளக்கு.

கரோல் பாக் அம்மா

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தொட்டிலை நகர்த்தினோம், நார் மெத்தை தைத்து வாங்கினோம், கம்பி இடைவெளி சரியாகவே இருக்கிறது. வெந்நீர்ப் பை வைத்த முதல் இரவே கிடத்தியதும் ஒரு முனகலோடு தூங்கிவிட்டான். மாமியாரே வெப்பமானியைப் பார்த்து 18 என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார்.

இப்போது வேறொரு சிக்கல். பின்னிரவில் அழுதுகொண்டே எழுகிறான். தூக்கிப் பார்த்தால் பிடரி முடி வேர்வையில் ஒட்டிக்கிடக்கிறது, கைகளோ சில்லென்று இருக்கின்றன. பனியன், முழுக்கை உடை, ஸ்வெட்டர், தூக்கப் பை, குல்லா, காலுறை போட்டிருக்கிறோம். கை சில்லிடுவதால் இன்னொரு ஸ்வெட்டர் போடலாமா?

பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலி

வேண்டாம், இருப்பதைக் குறையுங்கள். கைக்குழந்தையின் கைகால்கள் குளிர்ந்திருப்பது சாதாரணம், அதை வைத்து உடம்பின் சூட்டைக் கணிக்க முடியாது. பிடரியிலும் மார்பிலும் தொட்டுப் பாருங்கள். அங்கே வேர்வை இருந்தால் அவனுக்குப் புழுங்குகிறது. அறை 18 டிகிரியில் இருக்கும்போது பைக்குள் ஸ்வெட்டர் தேவையில்லை. குல்லாவைத் தூங்கும்போது கட்டாயம் கழற்றுங்கள். குழந்தை மிகுந்த சூட்டைத் தலை வழியாகத்தான் அதிகம் வெளியேற்றுகிறது, அந்த வழியை அடைத்துவிட்டால் அளவுக்கு மீறிச் சூடேறும். அது குளிரைவிட ஆபத்து. குல்லா, ஸ்வெட்டர் எல்லாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது போடுங்கள்.

கரோல் பாக் அம்மா

ஸ்வெட்டரையும் குல்லாவையும் எடுத்துவிட்டோம், வேர்வை நின்றுவிட்டது. பால் குடிக்க எழுகிறான், குடித்ததும் தூங்குகிறான். கடைசியாக ஒன்று: குளித்த பிறகு சாம்பிராணிப் புகை போட வேண்டும் என்று இரண்டு பாட்டிகளும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுப் போடலாமா?

பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலி

போடாதீர்கள். ஜனவரியில் தில்லிக் காற்றே குழந்தையின் நுரையீரலுக்குப் பாரம். அடைத்த அறையில் எந்தப் புகையும், ஊதுவத்தியும் கொசுவத்தியும்கூட, அதன்மேல் ஏற்றும் சுமை. தலையை மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், ஹீட்டர் ஓடும் அறையில் சீக்கிரம் உலர்ந்துவிடும். வீட்டில் மணம் வேண்டும் என்றால், குழந்தை வேறு அறையில் இருக்கும்போது, மாடிக் கதவைத் திறந்துவைத்துப் பூஜை மாடத்தில் போட்டுக்கொள்ளட்டும்.

ஆர்.கே.புரம் பாட்டி

இதில் நான் சிஸ்டர் பக்கம். உன் மாமியாரிடம் நானே பேசுகிறேன் அம்மா, ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வந்தால் அழைத்துக்கொண்டு வா.