போரில் இழந்த விமானங்கள்: தரையில் இருந்தவர்கள் சொல்வது

முன்னாள் இன்ஜின் ஃபிட்டர், கோவை

போரில் ஒரு விமானம் விழுந்தால் ஊரில் எல்லாரும் கேட்பது "யார் சுட்டான்?" என்று. ஃப்ளைட் லைனில், அதாவது விமானங்களைப் பறக்கத் தயார் செய்யும் இடத்தில் நிற்கும் எங்களுக்குள் எழும் முதல் கேள்வி வேறு: "அதில் கடைசியாகக் கை வைத்தது யார்?"

சேதி வந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த விமானத்தின் பதிவேடுகளை எல்லாம் அள்ளிப் பூட்டி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் பைலட் கையெழுத்துப் போட்டு விமானத்தை வாங்கிக்கொள்ளும் ஃபார்ம் 700-ம் அதில் அடக்கம். அவர் கையெழுத்துக்கு மேலே எங்கள் கையெழுத்துகள் இருக்கும். எண்ணெய் பார்த்தவன், டயர் பார்த்தவன், ஆயுதம் மாட்டியவன் எல்லாரும் அதில் இருப்பார்கள். ஏவுகணை பட்டுத்தான் விழுந்தது என்று உலகத்துக்கே தெரிந்தாலும் இந்த நடைமுறை மாறாது. மாறவும் கூடாது. ஆனால் பூட்டிய அலமாரிக்குள் நம் கையெழுத்து இருக்கிறது என்ற நினைப்போடு இரவில் படுப்பது எப்படி இருக்கும் என்று, அதே வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

1999 மே மாதம் வடக்கே ஒரு ஹெலிகாப்டர் தளத்தில் எம்.ஐ.-17 இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்கிலில் விமானத் தாக்குதல் மே 26-ம் தேதி தொடங்கியது. அதற்கு முன்பே, 21-ம் தேதி, படம் எடுக்கப் போன கேன்பெரா விமானம் ஒன்றின் இன்ஜினில் ஸ்டிங்கர் ஏவுகணை பட்டது. ஸ்குவாட்ரன் லீடர் பெருமாளும் உடன் இருந்தவர்களும் அதைப் பத்திரமாக ஸ்ரீநகருக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். எதிரி கையில் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

27-ம் தேதி ஃப்ளைட் லெஃப்டினன்ட் நச்சிகேதாவின் மிக்-27 ராக்கெட்டுகளை ஏவியதும் அதன் இன்ஜின் அணைந்துபோனது. மேலே காற்று மெலிந்திருக்கிறது. தன் ராக்கெட்டின் புகையையே இன்ஜின் உள்ளே இழுத்தால் எரிதல் நின்றுவிடும். மறுபடி பற்றவைக்கப் பார்த்தார், நடக்கவில்லை, குதித்தார், பிடிபட்டார். அவர் எங்கே விழுந்தார் என்று தேடிச் சுற்றிய ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜாவின் மிக்-21-ஐ ஏவுகணை அடித்தது. அஹுஜா உயிரோடு திரும்பவில்லை.

மறுநாள் 28-ம் தேதிதான் எங்கள் வகை ஹெலிகாப்டர். என் யூனிட் இல்லை, 152-வது ஹெலிகாப்டர் யூனிட். தோலோலிங், டைகர் ஹில் முகடுகள் பக்கம் ராக்கெட் தாக்குதலுக்குப் போன எம்.ஐ.-17-களில் ஒன்றை ஸ்டிங்கர் வீழ்த்தியது. அதில் ஃப்ளேர் டிஸ்பென்சர் இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்டிங்கர் வெப்பத்தைத் தேடிப் போகும். ஃப்ளேர் என்பது இன்ஜினைவிடச் சூடாக எரியும் தோட்டா. அதை வெளியே எறிந்தால் ஏவுகணை அதன் பின்னால் போக வாய்ப்பு உண்டு. டிஸ்பென்சர் என்றால் ஏதோ பெரிய இயந்திரம் இல்லை, உடம்புப் பகுதியில் பொருத்தும் பெட்டிகள்தான். சமவெளியில் ஏவுகணை கீழிருந்து ஏறி வர வேண்டும். கார்கிலில் எதிரி பதினைந்தாயிரம், பதினாறாயிரம் அடி உயரத்தில் முகட்டிலேயே உட்கார்ந்திருந்தான். ஹெலிகாப்டர் கிட்டத்தட்ட அவன் கண்மட்டத்தில் பறந்தது. அந்த உயரத்தில் இன்ஜினுக்கு மூச்சு முட்டும், சுமையோடு சட்டென்று திரும்ப முடியாது. ஃப்ளேர் இல்லாமல் அங்கே போவது எப்படிப்பட்டது என்று எங்கள் ஹேங்கரில் இருந்த கடைசிப் பையனுக்கும் தெரியும்.

இறந்தவர்கள் நால்வர்: ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர், ஃப்ளைட் லெஃப்டினன்ட் முகிலன், சார்ஜென்ட் பிரசாத், சார்ஜென்ட் சாஹு. பின்னிரண்டு பேர் எங்கள் ரேங்க், எங்கள் மெஸ்ஸில் சாப்பிடும் ஆட்கள். பைலட் பெயர்கள் பேப்பரில் வரும். பின்னால் உட்கார்ந்து போகும் சார்ஜென்ட்டின் பெயரைச் சொல்ல ஆள் இருக்காது. அதனால்தான் நான் எங்கே பேசினாலும் நான்கு பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

யாருடைய அலட்சியம் என்று விரல் நீட்டுவதற்காக இதை எழுதவில்லை. போர் திடீரென்று வந்தது, எல்லா ஹெலிகாப்டரிலும் எல்லாம் இல்லை. அதற்குப் பிறகு எம்.ஐ.-17-களைத் தாக்குதல் வேலையிலிருந்து விலக்கினார்கள். போர் விமானங்கள் ஸ்டிங்கர் எட்டாத உயரத்துக்குப் போயின. ஜூன் 24-ம் தேதி மிராஜ்-2000 லேசர் குண்டை டைகர் ஹில்லின் மேல் போட்டது அங்கிருந்துதான். ஒரு மாதம்கூட இடைவெளி இல்லை. மே 21-ம் தேதி கேன்பெரா அடிபட்ட அன்றே இந்த முடிவுகளை எடுத்திருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.


முன்னாள் ரேடார் ஆபரேட்டர், திருச்சி

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. நான் இன்ஜின் பக்கம் இல்லை, ரேடார் திரை முன்னால் உட்கார்ந்தவன். 2019-க்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் பட்காம் சம்பவத்தைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பு முழுமையாகாது.

2019 பிப்ரவரி 27. முந்தின நாள்தான் பாகிஸ்தானின் பாலகோட்டில் நம் விமானங்கள் குண்டு போட்டிருந்தன. அன்று காலை எல்லைக்கு அப்பாலிருந்து விமானங்கள் வந்த பரபரப்பு. அந்த நேரத்தில் ஸ்ரீநகர் அருகே பட்காமில் பறந்துகொண்டிருந்த 154-வது யூனிட்டின் எம்.ஐ.-17 வி5-ஐ நம்முடைய ஸ்பைடர் ஏவுகணையே வீழ்த்தியது. உள்ளே இருந்த ஆறு பேரும் கீழே இருந்த ஊர்க்காரர் ஒருவரும் இறந்தார்கள். அக்டோபர் மாதம் விமானப் படைத் தளபதி பதௌரியா, அது நம்முடைய பெரிய தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார்.

திரையில் தெரிவது ஒரு புள்ளி. அது நம்முடையதா அவர்களுடையதா என்பதை ஐ.எஃப்.எஃப். கருவிதான் சொல்லும்: தரையிலிருந்து ரேடியோவில் ஒரு ரகசியக் கேள்வி போகும், நம் விமானமாக இருந்தால் பதில் தானாக வரும். பதில் வராத புள்ளி எல்லாம் எதிரி இல்லை. கருவி அணைந்திருக்கலாம், பழுதாகியிருக்கலாம். அதனால்தான் எந்த விமானம் எப்போது எந்த வழியாக வருகிறது என்ற தகவல், போன், ரேடியோ எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். தாக்குதல் வரப்போகிறது என்று கத்திக்கொண்டிருக்கும் அறையில், மெதுவாக வரும் ஒரு புள்ளியைப் பார்த்து "பொறு, இன்னொரு தரம் கேள்" என்று சொல்ல ஒருவருக்குத் துணிவு வேண்டும். அதை முன்கூட்டியே பழக்கியிருக்க வேண்டும். பயிற்சியில் நாங்கள் அலுத்துக்கொண்டே திரும்பத் திரும்பச் செய்தது இதைத்தான்.

அன்று தமிழ்நாடு முழுக்க டிவி முன்னால் இருந்தது, பாகிஸ்தானிடம் பிடிபட்ட விமானி அபிநந்தனுக்காக. நானும் அழுதுகொண்டேதான் பார்த்தேன், மார்ச் 1-ம் தேதி வாகா வழியாக அவர் நடந்து வந்தபோது எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். பட்காமில் போன ஏழு பேரைப் பற்றி அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்ல ஆரம்பித்தபோது, "இந்த நேரத்துல இதை ஏன் சார் பேசுறீங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அந்த நேரத்தில்தான் பேச வேண்டும் என்பது என் கட்சி.


விமானப் படை ஊழியரின் மகள், மதுரை

இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. நான் பணியில் இருந்தவள் இல்லை. 1971-ல் அப்பா பஞ்சாபில் ஒரு தளத்தில், விமானத்தின் உடல்பகுதியைப் பார்க்கும் ஏர்ஃப்ரேம் பிரிவில் இருந்தார், நாங்கள் குவார்ட்டர்ஸில். டிசம்பர் 3-ம் தேதி சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் பல தளங்களைத் தாக்கியபோது எனக்கு ஒன்பது வயது. ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டி, விளக்கை அணைத்து, அம்மா எங்களை வெட்டிய பள்ளத்துக்குள் இறக்கிவிடுவார். அப்பா வீட்டுக்கு வரவே மாட்டார். அம்மாவுக்கு இந்தி தெரியாது. பக்கத்து வீட்டு சர்தார்ஜி அம்மாள் ரேடியோ கேட்டுவிட்டு வந்து கையால் ஜாடை காட்டிச் சொல்வார், இன்றைக்கு எத்தனை திரும்பி வந்தன என்று.

நீங்கள் எல்லாம் விழுந்த விமானத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு மனதில் நிற்பது விழுந்ததா என்றே தெரியாதவர்கள். அந்தப் போரில் காணாமல் போன நம் ராணுவத்தினர் 54 பேர் பட்டியலில் விமானிகளும் நிறைய. அவர்களில் ஒருவர் ஃப்ளைட் லெஃப்டினன்ட் தாம்பே. அவர் மனைவி தமயந்தி, தேசிய பேட்மின்டன் சாம்பியன். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முடியாத நேரம். 1983-லும் 2007-லும் உறவினர்கள் பாகிஸ்தான் சிறைகளுக்கே போய்ப் பார்த்தார்கள், யாரும் கிடைக்கவில்லை. பாகிஸ்தான் தன்னிடம் யாரும் இல்லை என்றே சொல்கிறது. உடல் வந்தால் அழுது முடிக்கலாம். இப்படிக் காணாமல் போனவர்களின் மனைவிகளுக்கு நெற்றியில் பொட்டு வைப்பதா அழிப்பதா என்பதுகூடக் கேள்வி.

அப்பா இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு விமானம் திரும்பி வரவில்லை என்றால் கீழே நின்றவர்கள் என்ன செய்வார்கள்?


முன்னாள் இன்ஜின் ஃபிட்டர், கோவை

அக்கா, நீங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

கேட்டதற்குச் சொல்கிறேன். எல்லாருக்கும் மனதில் ஓடுவது எரிபொருள் கணக்கு. எவ்வளவு நிரப்பினோம், எவ்வளவு நேரம் தாங்கும் என்று நிரப்பியவனுக்குத் தெரியும். வர வேண்டிய நேரம் தாண்டினாலும் அந்தக் கணக்கு முடியும்வரை யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். வேறு தளத்தில் இறங்கியிருக்குமா என்று மேலே போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கணக்கு முடிந்த பிறகும் அந்த விமானம் நிற்கும் இடத்தை வேறு விமானத்துக்குக் கொடுக்க, அங்கே பொறுப்பில் இருக்கும் லைன் சீஃபுக்கு மனசு வராது. ஆனால் போர் நேரத்தில் கொடுத்தாக வேண்டும். அடுத்த சார்ட்டிக்கு, அதாவது அடுத்த பறப்புக்கு, ஆயுதம் ஏற்ற வேண்டியிருக்கும். அழுவதற்கு நேரம் பல நாள் கழித்துத்தான் கிடைக்கும். சிலருக்கு வீட்டுக்கு லீவில் வந்தபோது. உங்கள் அப்பா பேசாமல் இருந்தது அதனால் இருக்கலாம்.

அவர் எந்தத் தளத்தில், எந்த ஸ்குவாட்ரனில் இருந்தார் என்று தெரிந்தால் எழுதுங்கள் அக்கா. 1971-ல் பஞ்சாபில் இருந்த மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பேன், விசாரித்துச் சொல்கிறேன்.