கே.ஒய்.சி. (நாம யாருன்னு வங்கிக்கு நிரூபிக்கிறது) முடிக்க யாரைக் கூட்டிக்கிட்டுப் போனீங்க?

கும்பகோணத்துக்காரர்:
எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில உள்ளதை வாசிச்சுச் சொல்ற டாக்பேக் வச்சு போன் வேலையெல்லாம் நானே பார்த்துக்குவேன். கொள்முதல் நிலையத்துல போட்ட நெல்லுக்குப் பணம் ஏறிடுச்சான்னு பார்க்கப் போனா, வங்கிச் செயலி கே.ஒய்.சி.யைப் புதுப்பின்னுது. ஆதார், ஓடிபி வரைக்கும் சுலபம். அப்புறம் செல்ஃபி. முகம் வட்டத்துக்குள்ள இருக்கா இல்லையாங்கிறது திரையில எழுத்தா மட்டும் வருதாம், டாக்பேக் அதை வாசிக்கலை. எனக்குக் காதுல விழுந்தது 'பட்டன்... பட்டன்'. எந்தப் பட்டன்? போனைத் தூக்கி, இறக்கி, தள்ளிப் பிடிச்சு ஒருவழியா முகம் சிக்கிச்சு. உடனே கண்ணைச் சிமிட்டணுமாம். என் இமை முழுசா மூடாது.

மச்சான்கிட்ட போனைக் கொடுத்துத்தான் முடிச்சேன். தங்கமான மனுஷர்தான். ஆனா என் கணக்குல எவ்வளவு இருக்குன்னு வீட்டுக்காரிக்கே நான் முழுசா சொன்னதில்லைங்க!

இதே சிக்கலுக்காக ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவங்களும் பார்வையற்ற ஒருத்தரும் உச்ச நீதிமன்றம் போனாங்க. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பு சொல்லிச்சு. டிஜிட்டல் சேவை கிடைக்கிறது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தர்ற வாழ்வுரிமையில் சேர்த்தி. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி இருக்கணும். மொத்தம் 20 உத்தரவு.

திருவாரூர்க்காரி:
அண்ணே, எனக்குக் காது கேட்காது. வீடியோ கே.ஒய்.சி.ல வங்கிக்காரர் ஒருத்தர் வந்து வாயசைச்சார். சீட்டுல எழுதிக் காட்டினேன், இணைப்பைத் துண்டிச்சிட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே. எழுத்துல கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேனா?

மன்னார்குடி:
நான் கணினியில திரையை வாசிச்சுச் சொல்ற என்விடிஏ மென்பொருள் பயன்படுத்துறேன். பயிர் காப்பீட்டுக்கு என்னென்ன ஆவணம் வேணும்னு ஓர் அலுவலகத்து அறிவிப்பு, பழைய எழுத்துருவில் அடிச்சது. கண்ணுக்குத் தமிழ், என்விடிஏ வாசிச்சா இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. எல்லாக் கணினியும் தமிழாவே புரிஞ்சுக்கிற யூனிகோடு எழுத்து முறையைத் தமிழக அரசு ஏத்துக்கிட்டது 2010-ல்! இன்னொரு அறிவிப்பு ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், அதுல வாசிக்க ஒண்ணுமே இல்லை.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. விதிகள் வந்து 2 வருஷத்துக்குள்ள சேவை தர்றவங்க எல்லாரும் நமக்கு ஏத்தபடி மாறணும்னு அதோட 46-ஆவது பிரிவு. விதிகள் 2017-ல் வந்தாச்சு. கெடு 2019-லேயே முடிஞ்சாச்சு. ஆனா அணுகல் தரங்களைச் சொல்ற விதி 15(1) வெறும் பரிந்துரை மாதிரி இருந்ததால யாரும் அசையலை. அது சட்டத்துக்கே முரண்னு ராஜீவ் ரதூரி வழக்குல 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, கட்டாய விதி போட 3 மாசம் கொடுத்தது.

கும்பகோணத்துக்காரர்:
மன்னார்குடி, புகார் எழுதினா 'செயலி சரியில்லை'ன்னு மட்டும் எழுதாதீங்க. எந்தத் திரை, எத்தனையாவது பட்டன், டாக்பேக்கோ என்விடிஏவோ என்ன சொன்னிச்சுன்னு எழுதி, திரைப்பதிவையும் சேர்த்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு நகல் போடுங்க. திருவாரூர்த் தங்கச்சி, நீங்களும் அந்தச் சீட்டைக் கிழிச்சுடாதீங்க.