தண்ணீர்மலை, பத்துமலைப் படங்கள்: ஸ்கிரீன்ல ஒரு கலர், பிரிண்ட்ல ஒரு கலர்

(பேசறவங்க பேருக்குப் பதிலா அவங்க மலேசிய ஊர் பேர்.)

ஆயர் ஈத்தாம்:
தைப்பூச ராத்திரி, பினாங்கு தண்ணீர்மலைப் படி, 12க்கு 18 இன்ச் பிரிண்ட். காவடி பளிச்சுனு இருக்கு, பின்னால நின்ன கூட்டம் மொத்தமும் ஒரே கறுப்புத் திட்டு. ஸ்கிரீன்ல ஒவ்வொருத்தர் தலைமுடியும் தனித்தனியாத் தெரிஞ்ச அதே ஃபைல். பிரிண்ட் போட்ட லேப் மேல தப்பில்ல. பல மானிட்டர் வாங்கின செட்டிங்லேயே 200 காண்டெலாவை (ஸ்கிரீன் வெளிச்சத்தோட அளவு) தாண்டி எரியும். அந்த வெளிச்சத்துல எடிட் பண்ணா கை தானா இருட்டாக்கிடும். பிரிண்டுக்கு 80லேருந்து 120 போதும். மானிட்டர் பட்டன்லேயே குறைக்கணும். கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லைடர்ல குறைச்சா 256 நிறப் படியில சிலது காணாமப் போய், வானம் பட்டை பட்டையா விழலாம்.

செந்தூல்:
வெளிச்சம் பாதிக் கதைதான் அண்ணே. பத்துமலைப் படம் ஒண்ணு, சென்சர் வச்சு அளந்து நிறத்தைச் சரி பண்ண (காலிபிரேட்) ஸ்கிரீன்தான், ஆனா நெத்தி விபூதி ரோஸ் அடிக்குது! சென்சர் கெட்டுப்போகல. கலரிமீட்டர்ங்கற அந்த சென்சர் சில ஃபில்டர் வழியாத்தான் நிறத்தைப் பாக்குது, அது நம்ம கண்ணோட அச்சா ஒத்துப்போகாது. அதான் அளக்கற சாஃப்ட்வேர் பேக்லைட் (ஸ்கிரீனுக்குப் பின்னால எரியற விளக்கு) வகையைக் கேக்குது. நிறைய நிறம் காட்டற வைட் காமட் மானிட்டருக்குச் சாதா ஒயிட் எல்இடின்னு கொடுத்தா, ரிப்போர்ட் அருமையா வரும், வெள்ளை மட்டும் சாயும்.

பட்டர்வொர்த்:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லிடறேன். அளக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன் அரை மணி நேரம் எரியட்டும். நைட் லைட், எச்டிஆர், டைனமிக் கான்ட்ராஸ்ட், ஆட்டோ பிரைட்னஸ் எல்லாத்தையும் அணைங்க. ஜன்னல் திரையை மூடுங்க, நம்ம ஊர் மத்தியான வெயில் சுவர்ல பட்டாலே கண்ணு ஏமாறும். ஸ்கிரீனைக் கொஞ்சம் பின்னால சாச்சா சென்சர் இடைவெளியில்லாம உக்காரும். டார்கெட்: வெள்ளைக்கு டி65 (பகல் வெளிச்ச வெள்ளை), நடு டோனுக்கு காமா 2.2, வெளிச்சம் 100 காண்டெலா. மானிட்டர் மெனுவுல ஆர்ஜிபி கெயின்ல (சிவப்பு, பச்சை, நீல அளவு) எது தூக்கலோ அதைக் குறைங்க, மத்ததை ஏத்தாதீங்க. வெள்ளை டார்கெட்டுக்கு வந்தப்புறம்தான் டிஸ்ப்ளேகால் சாஃப்ட்வேர்ல அளக்கணும். அளந்து முடிச்சு பிரைட்னஸைத் தொட்டா அந்த ப்ரொஃபைல் (ஸ்கிரீனோட நிறக் குறிப்பு ஃபைல்) குப்பை. இன்னொண்ணு: ஸ்லீப்லேருந்து எழுந்தா விண்டோஸ் சில சமயம் காலிபிரேஷன் கர்வை (அளந்து வச்ச திருத்தத்தை) விட்டுடும், அதைத் திரும்பப் போடத்தான் ப்ரொஃபைல் லோடர். லேப்கிட்ட அவங்க பேப்பரோட ஐசிசி ஃபைல் (பேப்பரோட நிறக் குறிப்பு) கேட்டு, பிரிண்ட் எப்படி வரும்னு ஸ்கிரீன்லயே சாஃப்ட் ப்ரூஃப் பாருங்க. மாசத்துக்கு ஒரு தடவை மறுபடி அளக்கணும்.

செந்தூல்:
மாசா மாசமா? மானிட்டருக்குள்ள பழைய சிசிஎஃப்எல் டியூப் விளக்கு இருந்த காலத்துப் பழக்கம் அது. எல்இடியோட நிறம் அவ்வளவு சீக்கிரம் நகராது, மூணு மாசம் தாங்கும் லா.

ஆயர் ஈத்தாம்:
சென்சர் இல்லாதவங்க மானிட்டரை எஸ்ஆர்ஜிபி (பொதுவான நிற அளவு) மோடுல போட்டு பிரைட்னஸை இறக்குங்க. சில மாடல்ல அந்த மோடு பிரைட்னஸைப் பூட்டிடும், கோலாலம்பூர் லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல வாங்கறதுக்கு முன்னாடி அங்கேயே மெனுவைத் திறந்து பாத்துக்குங்க. லேப் வேற எதுவும் கேக்கலன்னா ஃபைலையும் எஸ்ஆர்ஜிபியிலேயே கொடுங்க. அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபி ஃபைலை ப்ரொஃபைல் பாக்காத மெஷின்ல போட்டா மஞ்சள் வேட்டி சாயம் போன மாதிரி வரும்.