ஓ-ஓ மாதிரி ரயில் வண்டிகளை 18.2 மி.மீ. பாதைக்கு மாற்றுவதா, 18.83 மி.மீ.-க்கு மாற்றுவதா?

கேள்வி (பெரம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா இங்கிலாந்தில் பணியாற்றிய காலத்தில் சேர்த்து வைத்த 14 நான்கு சக்கர மாதிரி ரயில் வேகன்களும், உள் சிலிண்டர் (சக்கரங்களுக்கு உள்ளே மறைந்திருக்கும் சிலிண்டர்) கொண்ட ஆறு சக்கர டேங்க் எஞ்சின் (நீர்த்தொட்டியைத் தன் மேலேயே சுமப்பது) ஒன்றும் இப்போது என்னிடம் வந்துள்ளன. எல்லாமே ஓர் அடிக்கு 4 மி.மீ., அதாவது 1:76.2 அளவில் செய்யப்பட்டவை; ஆனால் ஓடுவது ஓ-ஓ எனப்படும் 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில். கணக்கிட்டால் இது 4 அடி 1½ அங்குலம்தான் வருகிறது. இங்கிலாந்தின் உண்மையான பாதையோ 4 அடி 8½ அங்குலம். பக்கவாட்டில் பார்க்கும்போது குறை ஏதும் தெரியவில்லை. வண்டியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி எதிரே இருந்து பார்த்தால், உடல் அகன்றும் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கியும் நிற்பது மிகவும் உறுத்துகிறது.

வீட்டில் 11 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட அலமாரித் தட்டு ஒன்றை இதற்காக ஒதுக்கியிருக்கிறேன். வளைவு கிடையாது, மூன்று பாயிண்டுகள் (பாதை பிரியும் இடங்கள்) மட்டும் வரும். இஎம் எனப்படும் 18.2 மி.மீ. போதுமா, அல்லது பி4 எனப்படும் 18.83 மி.மீ.-க்கே போய்விடலாமா? பழைய சக்கரங்களை அச்சிலேயே வெளிப்பக்கம் நகர்த்தினால் போதாதா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (மயிலாப்பூர்)

வணக்கம் ஐயா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் தவறியது அங்கேதான். பாதையின் அகலம் வேறு, இரு சக்கரங்களின் உட்புற முகங்களுக்கு இடையே உள்ள பேக்-டு-பேக் அளவு வேறு. ஓ-ஓவில் இந்த அளவு சுமார் 14.5 மி.மீ.; இஎம்மில் 16.5 மி.மீ. ஓ-ஓ பாதையின் அகலமும் அதே 16.5 என்பதால், ஆரம்பத்தில் நான் இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஆறு வேகன்களின் சக்கரங்களை வெளிமுகத்தில் அளந்து பொருத்திவிட்டேன். நேர்ப்பாதையில் வைத்தபோதே எல்லாம் தண்டவாளத்துக்கு உள்ளே விழுந்தன. அதன் பிறகு, இரு சக்கரங்களுக்கு இடையே நுழைத்துப் பார்க்கும் பித்தளை அளவுக்கட்டை இல்லாமல் ஒரு சக்கரத்தையும் தொட்டதில்லை.

பழைய சக்கரம் தடிமனாக இருந்தால் நகர்த்திப் பயனில்லை. வெளிமுகம் ஆக்சில் பெட்டி (அச்சின் முனையைப் பிடித்திருக்கும் பகுதி) தாங்கியில் உரசும். வேகன்களுக்கு 26 மி.மீ. நீள ஊசிமுனை அச்சில் வரும் இஎம் சக்கரங்களை வாங்கி மாட்டுவதே நல்லது. பெரும்பாலான வேகன்களில் பித்தளைக் குழிவுத் தாங்கியையும் சேர்த்துப் பொருத்தினால் வேலை முடிந்துவிடும். மிச்சம் இருப்பது பிரேக் கட்டைகள். அவை ஓ-ஓ சக்கரத்தின் நேரே வார்க்கப்பட்டிருக்கும். சக்கரம் பக்கத்துக்கு 0.85 மி.மீ. வெளியே போன பிறகு, கட்டை சக்கரத்தின் மேல் படாமல் உள்ளே வெறுமனே தொங்கும். கூரிய கத்தியால் அதைச் சீவி எடுத்து, ஒரு மி.மீ. பிளாஸ்டிக் தகட்டை இடையில் வைத்து மீண்டும் ஒட்டுங்கள். இந்த ஒரு திருத்தம் செய்யாமல் விட்டால், பாதையை அகலப்படுத்தியதன் பயன் பாதிகூடக் கண்ணுக்குத் தெரியாது.

உங்கள் எஞ்சின் உள் சிலிண்டர் வகை என்பது நல்வாய்ப்பு. வெளி சிலிண்டர் என்றால் கிராங்க் பின்னுக்கும் (சக்கரத்தில் தண்டு பொருந்தும் முளை) கிராஸ்ஹெட்டுக்கும் (பிஸ்டன் தண்டின் முனையில் வழுக்கும் பகுதி) இடையே இடம் தேடியே அலுத்துப் போயிருப்பீர்கள். நீண்ட அச்சு போட்டு, சேசிஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வாஷர் இட்டு பக்க ஆட்டத்தைக் குறைத்தால் போதும். சக்கரங்களை மீண்டும் ஏற்றும்போது இரு பக்கக் கிராங்குகளும் 90 பாகை விலகி, மூன்று அச்சுகளிலும் ஒரே மாதிரி நிற்க வேண்டும்.

பதில் 2 (நங்கநல்லூர்)

மேலே நண்பர் சொன்னவை அனைத்தும் சரி. ஆயினும் நான் பி4 பக்கம் பேசுகிறேன். 18.83 என்பது 4 அடி 8½ அங்குலத்தின் நேரான கணக்கு. இஎம்மில் இன்னும் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிசகுகிறது. ஆனால் பி4-இல் கூடுதல் அகலம் முக்கியமன்று. சக்கரத்தின் வடிவமே வேறு. இஎம்மில் கிராசிங்கின் (பாயிண்டில் இரு தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம்) இடைவெளி 1 மி.மீ., பி4-இல் 0.68 மி.மீ. இந்தச் சந்தில் நுழையும் ஃபிளாஞ்ச் (சக்கரத்தின் நீட்டிய உள்விளிம்பு) மெல்லியது; ஆழமும் அரை மி.மீ.-க்குக் குறைவு. எனவே பழைய சக்கரம் எதுவும் இங்கே உதவாது.

ஃபிளாஞ்ச் இவ்வளவு ஆழமற்றதாக இருப்பதால், நான்கு சக்கரங்களும் எப்போதும் தண்டவாளத்தில் படிந்திருக்க வேண்டும். இதற்கு ஓர் அச்சை நிலையாக வைத்து, மற்றதை நடுவில் ஊசலாட விட வேண்டும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதைப் போன்றது இது. எடையும் தேவை: அச்சுக்கு 25 கிராம் என்ற கணக்கில் வேகன் 50 கிராம் இருந்தால் சீராக ஓடும். நான் வேகன் தரையின் அடியில் ஈயத்தகடு ஒட்டுகிறேன்.

நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிளைவுட் தட்டு மழைக்காலத்தில் ஈரம் குடித்து முறுக்கினால், அந்த அரை மி.மீ. அங்கேயே தொலைந்துவிடும். அடிப்புறம், வெட்டிய ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்த பிறகே தண்டவாளம் பதியுங்கள். எஃகு வளையம் கொண்ட சக்கரங்கள் கடற்காற்றில் துருப்பிடிக்கும்; நிக்கல் சில்வர் வளையம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

பதில் 3 (தாம்பரம்)

நம் ரயிலையும் இதே அளவில் செய்ய எண்ணம் இருந்தால் ஒரு கணக்கு. 5 அடி 6 அங்குல அகலப்பாதைக்கு 4 மி.மீ. அளவில் 22 மி.மீ. வேண்டும், முன்பு ஓடிய கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயிலுக்கு 13.1 மி.மீ. வரும். ஆனால் ஓர் அடிக்கு 3 மி.மீ. என்று எடுத்தால், அகலப்பாதை மிகச் சரியாக 16.5 மி.மீ.! எனவே உங்களிடம் உள்ள பழைய ஓ-ஓ தண்டவாளத்தை வீசிவிடாதீர்கள். தண்டவாளத்தின் அடியில் உள்ள ஸ்லீப்பர் கட்டைகளின் இடைவெளியை மட்டும் மாற்றினால் நம் வண்டிக்கு அது பொருந்தும்.

மீண்டும் பெரம்பூர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எஞ்சினை இப்போதைக்குத் தொடாமல், இரண்டு வேகன்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஒன்று இஎம், மற்றது ஊசலாடும் அச்சுடன் பி4. ஒவ்வொன்றுக்கும் ஓரடி நீளப் பாதையும் ஒரு கிராசிங்கும் செய்து ஓட்டிப் பார்க்கிறேன். பிளைவுட்டுக்கு நேற்றே முதல் பூச்சு வார்னிஷ் அடித்தாயிற்று.