மேக்ரோவுக்குக் கை வலிக்காத ஃபிளாஷ் எது?

கேள்வி: மிரர்லெஸ் கேமராவில் 1:1 மேக்ரோ லென்ஸ் (பூச்சியை நிஜ அளவிலேயே சென்சாரில் பதிப்பது). மேலே பெரிய ஃபிளாஷை மாட்டினால் முன்பக்கம் கனத்து, பத்தாவது எறும்பிலேயே மணிக்கட்டு விட்டுப்போகிறது. எடையை எப்படிக் குறைக்கலாம்?

பதில் 1: கோடாக்ஸ் டிடி350 பாருங்கள். இரண்டே ஏஏ பேட்டரி. அவை இல்லாமல் சுமார் 200 கிராம். பொருள் அருகிலேயே இருப்பதால் முழு பவரில் 1/16 பங்கே பெரும்பாலும் போதும். பவர் குறையக் குறைய வெளிச்சம் பாயும் நேரமும் சுருங்கும், கை நடுக்கம் படத்தில் தெரியாது.

பதில் 2: ஃபிளாஷை விட டிஃப்யூசர்தான் (வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் திரை) முக்கியம். நான் வெள்ளை ஃபோம் ஷீட்டை வளைத்து லென்ஸ் நுனிவரை நீட்டியிருக்கிறேன். அசிங்கமாக இருக்கும், ஆனால் வண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளி விழாது. அப்புறம், லென்ஸ் துளையை எஃப்/16-ஐ விடச் சிறிதாக்காதீர்கள். 1:1-இல் அது எஃப்/32 போல நடந்துகொண்டு படத்தை மழுங்கடிக்கும்.

கேள்வி கேட்டவர்: சரி, ஃபோம் வெட்டியாயிற்று. வ்யூஃபைண்டர் மட்டும் ஒரே இருட்டு?

பதில் 2: எக்ஸ்போஷர் ப்ரிவ்யூவை (ஃபிளாஷ் இல்லாமல் படம் எவ்வளவு இருட்டாக வருமோ அப்படியே காட்டும் வசதி) அணைத்துவிடுங்கள்.